சுவர் ஒன்று போனது, வரி ரசீது இரண்டு வருகிறது

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில், ஒரே தளத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஃபிளாட். ஒன்று 940 சதுர அடி, கணவர் பெயரில் இருக்கிறது. மற்றது 910 சதுர அடி, பிற்பாடு மனைவி பெயரில் வாங்கியது. நடுச்சுவரில் வழி திறந்து ஒரே வீடாகக் குடியிருக்கிறார்கள். சொத்து வரி மட்டும் இரண்டு எண்களில், இரண்டு ரசீதாக வந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே வரி விதிப்பாக மாற்றினால் வரி குறையுமா, மாற்றாமல் விட்டால் பின்னால் அபராதம் ஏதும் வருமா என்று கேட்கிறீர்கள்.

குறையாது, ஏறும். நீங்கள் சொல்லியிருக்கும் அளவுகளுக்கு நன்றாகவே ஏறும். பெயர்கள் இப்போது இருப்பதுபோல் இருக்கும்வரை இணைக்கவும் முடியாது. ஓர் உள்ளாட்சி அமைப்பின் வருவாய்ப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். ‘வீடு ஒன்றாகிவிட்டது, வரியும் ஒன்றாக வேண்டும்’ என்று மனுவோடு வந்தவர்களில் பாதிப் பேர், இணைத்தால் என்ன ஆகும் என்று காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்காமல்தான் வந்தார்கள். இரண்டு ரசீது என்றாலே இரட்டை வரி என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் அது ஒரே வரியின் இரண்டு பாதிகள்.

சொத்து வரி எதன் மேல் விழுகிறது என்பதிலிருந்து பார்த்தால் இது விளங்கும். கட்டடப் பரப்பை அந்தத் தெருவுக்கு நிர்ணயித்த சதுர அடி விகிதத்தால் பெருக்கி, அந்தக் கட்டடம் வாடகைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று ஒரு மதிப்பை வருவிப்பார்கள். கட்டடத்தின் வயது, உரிமையாளரே குடியிருக்கிறாரா வாடகைக்கு விட்டிருக்கிறாரா, வீடா கடையா என்பவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும். கடைசியில் நிற்கும் ஆண்டு மதிப்பில் ஒரு விகிதம்தான் வரி. இதில் சுவர் எங்கும் வரவில்லை. 940 சதுர அடியும் 910 சதுர அடியும் சுவர் இருந்தாலும் போனாலும் 1,850தான். ஆகவே இடித்ததனால் மட்டும் வரி குறைய ஒரு காரணமும் இல்லை.

ஏறுவதற்குக் காரணம் உண்டு. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரியைச் சீராய்வு செய்தபோது, குடியிருப்புகளுக்கு ஒரே சதவீதத்தில் உயர்த்தவில்லை. பரப்பளவை வைத்து நான்கு அடுக்காகப் பிரித்தார்கள். சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீத உயர்வு. 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளுக்கும் மற்ற ஊர்களுக்கும் இதே அடுக்குகளுக்கு 25, 50, 75, 100 சதவீதம். சிறிய வீட்டுக்காரர் தலையில் பாரம் ஏறக்கூடாது என்பது நோக்கம். ஆனால் அடுக்கு என்று ஒன்று வந்துவிட்டால், இரண்டு சிறிய வீடுகளும் ஒரு பெரிய வீடும் வரிக் கணக்கில் சமம் ஆகா.

உங்கள் வீட்டையே வைத்துக் கணக்குப் போடுவோம். கணக்கு எளிதாக இருக்க, 2022க்கு முன் ஒவ்வொன்றுக்கும் அரையாண்டு வரி 2,000 ரூபாய் என்று கொள்ளுங்கள். இரண்டும் 601-1,200 அடுக்கில் இருக்கின்றன. 75 சதவீதம் ஏறி ஒவ்வொன்றும் 3,500 ரூபாய், சேர்த்து 7,000. இதையே ஒரே வீடாக்கினால் பரப்பு 1,850 சதுர அடி. மேல் அடுக்கின் வாசற்படி 1,800. ஐம்பதே சதுர அடியில், ஒரு சின்ன குளியலறை அளவில், நீங்கள் 150 சதவீத அடுக்குக்குள் போய் விழுகிறீர்கள். பழைய 4,000 ரூபாய் இப்போது 10,000. அரையாண்டுக்கு 3,000, ஆண்டுக்கு 6,000 ரூபாய் கூடுதல். 2024இல் சேர்ந்த 6 சதவீத உயர்வையும் ஏற்றினால் 7,420க்கும் 10,600க்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் சொல்லும் வீட்டுக்கு உண்மையான தொகை வேறாக இருக்கும். விகிதம் ஏறக்குறைய இதுதான்.

கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: இணைப்பு ஒருவரையும் கீழ் அடுக்குக்கு இறக்காது. 580 சதுர அடி வீடு இரண்டைச் சேர்த்தால் 50இலிருந்து 75 சதவீதத்துக்குப் போவீர்கள். 1,300 சதுர அடியோடு 450ஐச் சேர்த்தால் பெரிய வீடு இருந்த இடத்திலேயே இருக்கும், சின்ன வீடு மட்டும் 50இலிருந்து 100க்குத் தாவும். கூட்டல் கணக்கு கூட்டத்தானே செய்யும்.

வரி குறைய வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால், நீங்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. இரண்டாவது ஃபிளாட்டை வாங்கும்போது அதில் யார் இருந்தார்கள்? வாடகைக்கு விட்டிருந்த வீடு என்றோ, ஒரு தணிக்கையாளரோ பல் மருத்துவரோ தொழில் நடத்திய இடம் என்றோ அது பதிவேட்டில் இருக்கலாம். வணிகப் பயன்பாடு என்று இருந்தால் சென்னையின் பழைய பகுதியில் 2022இல் அதற்கு நேராக 150 சதவீதம் ஏறியிருக்கும், பரப்பு எவ்வளவு சிறிதானாலும் சரி. இப்போது அது உங்கள் படுக்கையறை. பழைய ரசீதிலும் இணையத்தில் வரும் விவரத்திலும் பயன்பாடு என்னும் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தவறாக இருந்தால் பயன்பாட்டு மாற்றத்துக்கு ஒரு மனு. இணைப்பு மனுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் உண்மையில் பணம் மிச்சமாகும் மனு இதுதான்.

இனிப் பெயர் விஷயம். வரி விதிப்பு எண் உரிமையைப் பின்தொடர்ந்து போகிற ஒன்று. கணவர் பெயரில் ஒரு கிரயப் பத்திரம், மனைவி பெயரில் இன்னொன்று என்றால், சட்டத்தின் கண்ணுக்கு அவை இரண்டு பேருடைய இரண்டு சொத்துகள். நடுவில் கதவு இருக்கிறதா, ஒரே சமையலா என்பதெல்லாம் குடும்ப விஷயம். ‘நாங்கள் கணவன் மனைவிதானே’ என்று வருவாய் அலுவலரிடம் வாதாடிப் பயனில்லை. இரண்டு பத்திரமும் ஒரே பெயரில், அல்லது இரண்டும் அதே கூட்டுப் பெயரில் வந்தால்தான் இணைப்பைப் பற்றிப் பேச முடியும்.

பெயரை ஒன்றாக்கும் வழி பொதுவாகத் தானப் பத்திரம், அதாவது பதிவுத்துறையில் ‘செட்டில்மெண்ட்’ என்று சொல்வது. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலைக்கு முன் இந்த உச்சவரம்புகள் 25,000, 4,000 ஆக இருந்தன. ஆக, கூடுதல் வரி கட்டும் உரிமையைப் பெற உங்களுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய அரை லட்சம் ரூபாய். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் செலவைச் செய்துவிட்டு மகிழ்ச்சியாகவும் வந்து மனு கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது போகட்டும். ஃபிளாட் மேல் வங்கிக் கடன் இருந்தால் வங்கி சம்மதிக்காமல் தானப் பத்திரம் எழுதவே முடியாது. சுவரை உடைத்ததும் வங்கிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடமானத்தில் இருப்பது அவர்கள் மதிப்பிட்டுக் கடன் கொடுத்த கட்டடம்.

இணைக்காமல் விட்டால் அபராதம் வருமா என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இரண்டு எண்களுக்கும் உரிய காலத்தில் முழு வரியும் கட்டியிருந்தால், இரண்டு உரிமையாளர், இரண்டு பத்திரம், இரண்டு வரி விதிப்பு என்பதில் மறைக்க ஒன்றும் இல்லை. பதிவேட்டில் இருப்பதும் நிலத்தில் இருப்பதும் உரிமை அளவில் ஒத்துப்போகின்றன. பிரச்சினை வரக்கூடிய இடம் வேறொன்று. இரண்டு வீட்டை ஒன்றாக்கும்போது யாரும் வெறும் சுவரை மட்டும் உடைத்துவிட்டு நிற்பதில்லை. பால்கனிக்கு ஜன்னல் வைத்து அறையாக்குவார்கள். இரண்டு வாசலுக்கும் முன்னால் உள்ள பொதுத் தாழ்வாரத்துக்கு இரும்புக் கதவு போட்டுச் செருப்பு அலமாரி வைப்பார்கள். மேல்தளமாக இருந்தால் மொட்டை மாடியில் ஓர் அறை முளைக்கும். இப்படிச் சேர்ந்த பரப்புக்கு வரி உண்டு, அதைத் தெரிவிக்கும் பொறுப்பும் உரிமையாளருடையது. தெரிவிக்காமல் இருந்து பிற்பாடு ஆய்வில் அகப்பட்டால் பழைய அரையாண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்பார்கள்.

இணைப்பு மனு கொடுப்பது என்றால் அளவு நாடாவை வீட்டுக்கு அழைப்பது என்று பொருள். வரியை மதிப்பிடும் அலுவலரான அசெசர் வந்து இரண்டு பழைய பரப்பையும் கூட்டிப் போட்டுவிட்டுப் போகமாட்டார், அளப்பார். அளக்கும் காட்சி எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். நாடாவின் ஒரு முனையை வீட்டுக்காரரின் மகன் பிடித்துக்கொண்டு வரவேற்பறை மூலையில் நிற்பான். மறுமுனை நடுச்சுவர் இருந்த இடத்தைத் தாண்டி, அந்த வீட்டுச் சமையலறை வழியாகப் போய், கண்ணாடி ஜன்னல் போட்ட பால்கனியின் வெளி விளிம்பில் நிற்கும். ‘சார், அது பால்கனி’ என்று வீட்டம்மா சொல்வார். ‘பால்கனியில் ஏம்மா கட்டில் இருக்கிறது?’ என்பார் அளப்பவர். பழைய பதிவேட்டில் 910 என்று இருந்தது 968 ஆகிவிடும். அதனால் மனு கொடுக்கும் முன் நீங்களே ஒரு முறை வெளிச்சுவரோடு அளந்து பாருங்கள். பத்திரத்தில் உள்ள பரப்பு, கட்டுமான நிறுவனம் விளம்பரத்தில் சொன்ன பரப்பு, வரிப் பதிவேட்டில் உள்ள பரப்பு மூன்றும் வேறுவேறாக இருப்பது நம்மூரில் அதிசயம் இல்லை. எது எதைவிடக் கூட என்று தெரிந்துகொண்டபின் பேசுவது நல்லது. பதிவேட்டில் கூடுதலாக இருந்தால் அதைக் குறைக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் இணைக்க வேண்டிய நியாயமான காரணங்கள் சிலருக்கு உண்டா? உண்டு. அதில் முக்கியமானது வருமான வரி. பழைய வீட்டை விற்று வந்த மூலதன ஆதாயத்தில் வீடு வாங்கினால், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 54ஆம் பிரிவின் கீழ் விலக்கு கேட்பது வழக்கம். அந்தப் பிரிவு வாங்கச் சொல்வது ஒரு வீட்டைத்தான். அடுத்தடுத்த இரண்டு ஃபிளாட் வாங்கியவருக்கு என்ன செய்வது? ஆனந்த பசப்பா வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம், இரண்டு பத்திரத்தில் வாங்கியிருந்தாலும் பக்கத்துப் பக்கத்து ஃபிளாட்டுகளை நடுவில் வழி திறந்து ஒரே குடியிருப்பாக்கியிருந்ததால் அது ஒரு வீடுதான் என்று ஏற்றுக்கொண்டது. பிறகு 2014இல் சட்டத்தைத் திருத்தி ‘ஒரே ஒரு வீடு’ என்று எண்ணிக்கையை அழுத்திச் சொன்னார்கள். அதற்குப் பின்னும் ஒட்டியிருக்கும் ஃபிளாட்டுகளை ஒரே வீடாகப் பயன்படுத்துபவர்களுக்குத் தீர்ப்பாயங்கள் விலக்கை ஏற்றிருக்கின்றன. ஆதாயம் 2 கோடி ரூபாய்க்குள் என்றால் வாழ்நாளில் ஒருமுறை இரண்டு வீடாகவே வாங்கிக்கொள்ளவும் 2019இல் வழி செய்தார்கள். ஆதாயம் அதற்கு மேல் போனவருக்கு, ‘இது ஒரே வீடு’ என்று காட்ட வேண்டிய தேவை உண்டு. அப்போது இணைத்த வரைபடம், ஒரே சமையலறை, ஒரே சொத்து வரி எண் எல்லாம் சாட்சியாக நிற்கும். சில லட்சம் வருமான வரியைக் காக்க ஆண்டுக்குச் சில ஆயிரம் சொத்து வரி கூடக் கட்டுவது சரியான கணக்கு. அந்த வழியில் போகிறவர் பெயர் விஷயத்தை வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.

வருமான வரியை நினைத்து வீணாகப் பயப்படுகிறவர்களும் உண்டு. ‘இரண்டாவது வீட்டுக்கு வாடகை வருவதாகக் கற்பனை செய்து வரி போடுவார்களாமே’ என்று கேட்பார்கள். 2019-20 நிதியாண்டிலிருந்து ஒருவர் சொந்தமாகக் குடியிருக்கும் இரண்டு வீடுகள் வரை ஆண்டு மதிப்பு பூஜ்யம்தான். உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று. அந்தக் கவலைக்கு இடமே இல்லை.

மின் இணைப்பு என்று ஒன்று இருக்கிறது. சொத்து வரியைவிட அதுதான் பையைக் கடிக்கும், ஆனால் அதைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு மீட்டர் ஒன்றானால் ஒரு நூறு போய்விடும். அதோடு முடியாது. இரண்டு வீட்டிலும் தலா 350 யூனிட் ஓடுகிறது என்றால் இருவரும் 500க்குக் கீழே. ஒன்றானால் 700. 500ஐத் தாண்டியவருக்கு மேலே உள்ள யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ் அடுக்குகளின் விகிதமே மாறிவிடுகிறது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு வைத்துக்கொள்ள வேண்டுமானால் அந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று கலக்காமல் நிலையாகப் பிரிந்திருக்க வேண்டும் என்பது மின் விநியோக விதி. ஒரு பக்க மீட்டரிலிருந்து மறுபக்க ஏசிக்குக் கம்பி இழுப்பது அதனினும் பெரிய தவறு. சுவரில் வழி திறந்தவர் இந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்லி, அவர்கள் சொல்வதைக் கேட்பது தவிர வேறு யோசனை என்னிடம் இல்லை.

குடிநீர் வாரியத்தின் வரி, மாநகராட்சி போடும் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். ஆகவே இங்கே எண் மாறினால் அங்கேயும் போய்ச் சொல்ல வேண்டும். தானாக மாறும் என்று உட்காரக்கூடாது. வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் போடும் கட்டணத்தில் ஒன்று மிச்சமாக வாய்ப்பு உண்டு. இணைப்பில் கிடைக்கும் லாபம் என்றால் இது ஒன்றுதான், பெரிய தொகை இல்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இணைப்பது என்று முடிவானால், பழைய எண்களின் சாவைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர், ஊர் பெயர் வேண்டாம், தன் இரண்டு வீட்டையும் முறையாக இணைத்தார். மனு, பத்திர நகல், கடைசி ரசீதுகள், ஆய்வு எல்லாம் ஒழுங்காக நடந்து புது எண் வந்தது. அவரும் புது எண்ணுக்குத் தவறாமல் கட்டிவந்தார். ஆறு ஆண்டுகள் கழித்துப் பழைய இரண்டாவது வீட்டின் எண்ணுக்கு நிலுவை நோட்டீஸ் வந்தது, வட்டியோடு. என்ன நடந்திருந்தது என்றால், முதல் வீட்டின் எண்ணைக் கணினியில் நீக்கியவர்கள் இரண்டாவதை நீக்கவில்லை. அது பன்னிரண்டு அரையாண்டாகத் தன் பாட்டுக்குக் கேட்புத் தொகையை, அதாவது கட்டச் சொல்லும் வரியை, ஏற்றிக்கொண்டே இருந்தது. இவரிடம் இருந்த உத்தரவில் ‘மேற்படி வரி விதிப்புகள் இணைக்கப்பட்டு’ என்று இருந்ததே தவிர, எந்த இரண்டு எண்கள் என்று இல்லை. கோப்பு கிடைக்கவில்லை, கையெழுத்திட்ட அலுவலர் ஓய்வு பெற்றுவிட்டார். கடைசியில் அவரைக் காப்பாற்றியது, மனு கொடுத்த அன்று அலுவலக முத்திரையோடு வாங்கிய ஒப்புகைச் சீட்டு. அதில் அவரே கைப்பட இரண்டு பழைய எண்களையும் எழுதியிருந்தார். பழைய நாட்குறிப்பு ஒன்றின் நடுவில் மடித்து வைத்திருந்ததால் தப்பித்தது. இல்லாவிட்டால் இல்லாத வீட்டுக்கு வரி கட்டியிருப்பார்.

அதனால் மனுவிலேயே இரண்டு பழைய எண்களையும் முழுதாக எழுதி, ‘இவ்விரண்டும் இந்த அரையாண்டு முதல் நீக்கப்பட்டு’ என்ற சொற்கள் உத்தரவில் வரும்படி கேளுங்கள். மனு கொடுப்பதற்கு முன் இரண்டிலும் நிலுவை இல்லாமல் கட்டிவிடுங்கள். சொத்து வரி நிலுவை ஆளைப் பிடிப்பதில்லை, சொத்தைப் பிடிக்கும். முந்தைய உரிமையாளர் விட்டுப்போன பாக்கியும் உங்களுடையதுதான். உத்தரவு வந்த பிறகு அடுத்த அரையாண்டு தொடங்கியதும் மூன்று எண்களையும் இணையத்தில் போட்டுப் பாருங்கள். புது எண்ணில் தொகை காட்ட வேண்டும், பழையவை இரண்டிலும் ஒன்றும் காட்டக்கூடாது. காட்டினால் அந்த வாரமே எழுத்தில் கொடுங்கள். அரையாண்டு என்பது ஏப்ரல் முதல் தேதி, அக்டோபர் முதல் தேதி. இடையில் வந்த மாற்றம் பொதுவாக அடுத்ததிலிருந்துதான் அமலுக்கு வரும் என்பதால், ஜனவரியிலோ ஜூலையிலோ மனு கொடுத்தால் நடுவில் சிக்காமல் இருக்கும். முதல் முப்பது நாளுக்குள் கட்டுபவர்களுக்கு உள்ள 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய், இந்தக் குழப்பத்தில் கை நழுவிப் போவதும் உண்டு. கேட்புத் தொகை சரியாகும்வரை காத்திருக்கிறேன் என்று உட்கார்ந்தால் மாதம் 1 சதவீத வட்டிதான் வளரும். தொகையில் தகராறு இருந்தாலும் கட்டிவிட்டு வாதாடுங்கள். முதலில் ஆணையருக்கு மறுபரிசீலனை மனு, அதில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு. காலக்கெடு நோட்டீஸின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

ஃபிளாட்டாக இல்லாமல் பக்கத்துப் பக்கத்துத் தனி வீடுகளாக இருப்பவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு ஒன்று. உங்கள் பிரச்சினை சுவரில் இல்லை, சந்தில் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் விட்ட மூன்று மூன்று அடி இடத்துக்கு முதலில் தகரம் போடுவார்கள், அப்புறம் தளம் போடுவார்கள், பிறகு அதுவே பூஜையறை ஆகிவிடும். அது விட்டாக வேண்டிய பக்க இடைவெளி. இரண்டு மனைகளை முறைப்படி ஒன்றாக இணைத்து, ஒரே மனையாக வரைபட அனுமதி வாங்கிக் கட்டினால்தான் அந்த இடத்தில் கட்ட முடியும். ‘அந்தப் பரப்புக்கும் சேர்த்து வரி கட்டுகிறேனே’ என்பது பதில் ஆகாது. அனுமதியில்லாத கட்டடத்துக்கும் வரி வாங்கிக்கொள்வார்கள். வரி ரசீது அனுமதி ஆகாது, உரிமைக்கும் ஆதாரம் ஆகாது. பட்டாவும் பத்திரமும் வேறு கதை.

ஃபிளாட்டிலும் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. தூணும் விட்டமும் வைத்து நடுவில் செங்கல் அடைத்த பழைய கட்டடம் என்றால் அந்தச் செங்கலில் வழி திறக்கலாம். அலுமினிய அச்சில் சுவரையும் தளத்தையும் ஒன்றாகக் கான்கிரீட் ஊற்றிய புதுக் கட்டடங்களில் சுவரே தூண். அதில் கை வைப்பது மேல்வீட்டுக்காரர் தலையில் கை வைப்பது. கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து, சங்கத்தின் சம்மதம், தேவைப்பட்டால் அனுமதி எல்லாம் வரி மனுவுக்கு முன்னால் வரவேண்டியவை. நீங்கள் ஏற்கெனவே உடைத்துவிட்டீர்கள் என்பதால் இப்போதாவது ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டி எழுதி வாங்கி வையுங்கள்.

உங்களுக்கு என் யோசனை: இணைக்க வேண்டாம். இரண்டு எண்ணையும் அப்படியே வைத்து, பயன்பாடும் பரப்பும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து, இரண்டையும் ஒரே நாளில் கட்டுங்கள். நாளை பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுக்க வேண்டி வந்தாலோ ஒன்றை விற்க வேண்டி வந்தாலோ, இணைத்த எண்ணைப் பிரிப்பது சேர்ப்பதைவிட இரண்டு மடங்கு அலைச்சல். திறந்த வழியை மூன்றரை அடி அகலத்துக்கு மேல் விரிக்காமல் ஒரு கதவுச் சட்டம் வைத்து முடியுங்கள். இரண்டாவது சமையலறையைப் படிப்பறையாக்கினாலும் அதன் தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் பிடுங்கவேண்டாம். மூடி போட்டு, மேலே பலகை வைத்து, அலமாரிக்குப் பின்னால் விட்டுவிடுங்கள்.